ஷரோன் விழுங்கிய வசனம்

கண் ஆஸ்பத்திரி வாசலிலேயே மேரிகிறேஸ் மகளுக்குச் சொல்லிவைத்துவிட்டாள். "ரெண்டு வருசமாச் சொன்னனான் எண்டு வாய் விட்டிடாதை. பிள்ளையைக் கவனிக்கேல்லை எண்டு கொம்யூன் நகரசபைக்கு எழுதிப்போடுவினம், பிறகு அவை விசாரிக்க வந்திடுவினம்."

இரண்டு வருடமாக ஷரோன் சொல்லத்தான் செய்தாள். ஒரு விளக்கு மூன்றாகத் தெரிகிறது, எழுத்துக்கு நிழல் விழுகிறது என்று. தாய் காது கொடுத்தால்தானே! "போனைக் கீழை வை" என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். கண்ணாடி மட்டும் மூன்று தரம் மாறியது.

பதினாறு வயது ஷரோன்தான் அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர். வங்கி, வரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவளே. இத்தனைக்கும் மேரிகிறேஸ் டென்மார்க்கின் கோல்டிங் நகரில் முதியோர் இல்லமொன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். டேனிஷ் நன்றாகவே விளங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் படித்தவர் இருந்துவிட்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

டொக்டர் படத்தைக் காட்டினார். ஷரோனின் கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கியிருந்தது. கெரட்டோகோனஸ் என்றார். "அண்மையில் கூடியதா?"

"இல்லை, எப்போதும் இப்படித்தான்," என்றாள் ஷரோன் டேனிஷில்.

"அப்படியானால் ஆறு மாதம் கழித்து மறுபடி அளப்போம். கூடிக்கொண்டு போனால்தான் அவசரம். போன பார்வை திரும்பி வராது."

ஷரோன் தாயிடம் திரும்பினாள். "ஆறு மாசத்தாலை வரட்டாம் அம்மா. பயப்பிட ஒண்டுமில்லையாம்."

கடைசி வசனத்தை மகள் விழுங்கிவிட்டது மேரிகிறேசுக்கு விளங்கியது. என்னுடைய பயத்துக்காக இவள் தன் கண்ணையல்லவா விட்டுக்கொடுக்கிறாள்! யாருக்கு எழுதினாலும் எழுதட்டும்.

"அது பொய்," என்றாள், உடைந்த டேனிஷில். "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். இரண்டு வருடமாகக் கூடுகிறது. மூன்று கண்ணாடி மாற்றினோம். பிள்ளை சொன்னாள், நான் கேட்கவில்லை."

டொக்டர் கோபிக்கவில்லை. மூன்று கண்ணாடிகளின் அளவுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். இனிக் காத்திருக்க முடியாது, வருகிற வியாழக்கிழமையே சிகிச்சையைச் செய்வோம் என்றார். விற்றமின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் கருவிழி இறுகும், மேலும் பிதுங்காமல் நிற்கும். தெளிவாகப் பார்க்கப் பிறகு கடினமான லென்ஸ் போடலாம். இவ்வளவையும் அவர் மேரிகிறேசின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

ஷரோன் பழக்கதோஷத்தில் மொழிபெயர்க்க வாயெடுத்தாள்.

"எனக்கு விளங்கினது, பிள்ளை."

ஷரோன் தாயின் கையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, எனக்குச் சரியான பயமா இருக்கு."