முந்நூற்றுப் பன்னிரண்டு நாளுக்கு ஓர் அட்டவணை

1.

இந்தக் கதை எனக்குப் படிக்கட்டில் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை.

நான் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். நான்காவது மாடிக்காரர் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுபவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், அதில் யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று கட்டம் கட்டி எழுதுவது அவர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தலைக்கு மேல் உயர்ந்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஊருக்குப் போகிறார் போலிருக்கிறது என்று சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். கீழே போய்த் தபால் பெட்டியைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே ஏறினார். பிறகு மறுபடி இறங்கினார். ஐந்தாவது தடவை என் பொறுமை போயிற்று.

“பையில என்ன சார்?”

“பன்னெண்டு கிலோ.”

“இல்ல, உள்ள என்ன?”

“பழைய டைம்டேபிள். எடைக்கு வேற எதுவும் கிடைக்கல.”

அவரும் மனைவியும் பையை மாட்டிக்கொண்டு ஒன்பது நாடுகளைச் சுற்றப் போகிறார்களாம். முந்நூற்றுப் பன்னிரண்டு நாள். இது அதற்கான பயிற்சி. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, பெருமையும் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்பவரின் முகம். நான் உள்ளே வந்து ஒரு தாளில் ‘பன்னிரண்டு கிலோ’ என்று எழுதி வைத்தேன். எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்?

[ஒரு மரியாதைப் பிரச்சினை. கணவனை ‘அவர்’ என்றும் மனைவியை ‘அவள்’ என்றும் எழுதுவது நம் வழக்கம். இருவரையும் ‘அவர்’ என்றால் யார் பேசுகிறார்கள் என்று உங்களுக்குக் குழம்பும். ஆகவே இனி அவன், அவள். படிக்கட்டில் அவர் எனக்கு சார்தான்.]

2.

முதல் தொடக்கம்: “எல்லைச் சாவடியின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் தன் கடவுச்சீட்டை —”

விட்டுவிட்டேன். நான் எல்லைச் சாவடி எதையும் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: “பதினெட்டு வயதிலிருந்தே அவள் நெஞ்சில் ஒரு கனவு —”

இதையும் விட்டுவிட்டேன். அவளிடமே கேட்டேன். “கனவெல்லாம் இல்லீங்க. போகணும்னு இருந்துச்சு. முப்பது வருஷமா இருக்கு. மூட்டுவலி மாதிரி” என்றாள்.

மூன்றாம் தொடக்கம் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ். அதன் கதவில், எட்டுத் தாள்களை ஒட்டிச் செய்த அட்டவணை ஒன்று காந்தங்களில் தொங்குகிறது. நாடுகளின் பெயர் கிடையாது. தடம் 1 முதல் தடம் 9 வரை. அதனால் நானும் சொல்லவில்லை. நாள், புறப்படும் இடம், புறப்பாடு, சேரும் இடம், வருகை, பணியாளர் என்று கட்டங்கள். பணியாளர் கட்டத்தில் அவன் 1, அவள் 2. விசாவுக்குக் காத்திருக்கும் நாள், துணி துவைக்கும் நாள், மாதத்துக்கு இரண்டு ‘வயிறு சரியில்லாத நாள்’ எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு நிமிடம் கூடுதல். டிப்போவில் அவன் பெயரே ‘ரெண்டு நிமிஷம்’தான். பையின் எடையைக் குறைக்கப் பல்துலக்கும் பிரஷ்களைப் பாதியாக வெட்டியிருக்கிறான். அட்டவணையின் நகல்கள் மட்டும் தொள்ளாயிரம் கிராம்.

கடைசி வரி: நாள் 312. சேரும் இடம்: வீடு. வருகை: மாலை 5.40.*

*டிப்போவில் ஒரு விதி உண்டு. வருகை நேரம் இல்லாத அட்டவணையில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். கடைசி வண்டியின் வருகையைப் பார்த்துத்தான் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டுவார். இருபத்தாறு வருடத்தில் அவன் ஒரு வருகைக் கட்டத்தைக்கூட வெறுமையாக விட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். (இப்படியெல்லாம் முன்கூட்டியே சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும்.)

3.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஊசி குத்துவாள், குழாயில் பெயர் ஒட்டுவாள், இயந்திரத்தில் வைப்பாள், வரும் எண்ணைப் படிப்பாள். “எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்பவர்களிடம், நல்லதோ கெட்டதோ, ஒரே குரலில் “டாக்டர் சொல்வாங்க” என்பாள். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளப் பழக ஆறு மாதம் ஆனதாம்.

சம்பளமில்லாத விடுப்பு, பதினோரு மாதம். அதற்கான படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் இடத்துக்கு வரவிருந்த தற்காலிக ஆள் வேறு கூடத்துக்குப் போய்விடுவாள். பிறகு எப்போது விடுப்பு கிடைக்கும் என்று தலைமை அதிகாரிக்கே தெரியாது. அவளுக்கு நாற்பத்தெட்டு. மூட்டுவலியை உவமையாகச் சொல்லும் வசதி இன்னும் எத்தனை வருடம் என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்து வாரமாகத் தினமும் ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பதற்கு முன்னால் அட்டவணையைப் பார்ப்பாள். விரலை வைத்து 2, 2, 2 என்று தடம் ஒன்பது வரைக்கும் போவாள்.

4.

திங்கட்கிழமை மாலை அவள் தம்பி வந்தான். அதே டிப்போவில் டிரைவர். இரவல் வாங்கிப்போன டிரில் மெஷினைத் திருப்பித்தர வந்தவன், தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தான். மூடினான். கதவின் முன்னாலேயே நின்றுவிட்டான்.

“அக்கா, மாமாவுக்கு என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சு? ஷூவை நனைச்சு நனைச்சுக் காய வைக்கிறார். எத்தனை மணி நேரத்துல காயுதுன்னு குறிச்சுக்கிறார்.”

“அது எப்பவும் உள்ளதுதான். நாப்பத்தொண்ணாம் நாள்ல இருந்து ஆளைக் காணோமே?”

“எந்த ஆளை?”

“ஒண்ணாம் நம்பரை.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாள் 40: பணியாளர் 1, 2. நாள் 41: பணியாளர் 2. நாள் 42: பணியாளர் 2. விரல் கீழே கீழே போயிற்று. எட்டாவது தாளின் அடியில், பொடி எழுத்தில்: ‘41 முதல் 1 – ஸ்பேர்.’

“எழுத விட்டுப்போயிருக்கும்டா.”

“மாமாவுக்கா? எரநூத்தி எழுபத்திரண்டு தடவையா?”

“அஞ்சு வாரமா பார்க்கிறேன். என் கண்ணுல படலையே.”

“நீ உன் நம்பரைத் தேடியிருப்பே. எல்லாரும் அப்படித்தான். நான் மட்டும் என் நம்பரைத் தேட மாட்டேன்க்கா. கூட யாருன்னுதான் முதல்ல பார்ப்பேன். நாள் பூரா அந்த ஆளோட விசிலைக் கேட்டுத்தானே ஓட்டணும்.”

தம்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

“நான் வரவே இல்லைன்னு வச்சுக்க” என்றான்.

“டிரில் மெஷின் நடந்து வந்துச்சுன்னு சொல்லவா?”

அவன் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

5.

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

முதலில் அவளை ஒரு தட்டை உடைக்க வைத்தேன். “எவர்சில்வர் தட்டு சுவரில் மோதி —” எவர்சில்வர் உடையாது. பீங்கானாக மாற்றினேன். அவள் உடைக்கவில்லை. கதாபாத்திரம் மறுத்துவிட்டது என்று எழுத்தாளர்கள் சொல்வதை நான் நம்பியதில்லை; ஆனால் நாளெல்லாம் கண்ணாடிக் குழாய்களை உடையாமல் அடுக்குகிறவள் கையால் தட்டு உடைபடுவது எனக்கே நம்பும்படியாக இல்லை.

பிறகு காரணம். அவன் வாழ்வில் இன்னொரு பெண்? அதற்கு அட்டவணையில் இடமில்லை. மறைத்து வைத்த நோய்? வருடத்துக்கு இருமுறை அவன் ரத்தத்தை எடுப்பவள் அவள்தான். அவனைவிட அவன் உடம்பு அவளுக்குத் தெரியும். கடைசியில் உண்மையையே எழுதுவது என்று முடிவு செய்தேன். பாதி தம்பி சொன்னது, பாதி அவள் சொன்னது. நான் சேர்த்தது எது என்று கேட்காதீர்கள்.

6.

அவன் ஆறு நாற்பதுக்கு வந்தான். எப்போதும் ஆறு நாற்பதுதான். அவள் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“ஆபீஸ்ல எத்தனை நாள் லீவு எழுதிக் கொடுத்தீங்க?”

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒன்றைக் கழற்றியவன் மற்றதைக் கழற்றவில்லை.

“நாப்பது.”

“எப்ப சொல்றதா இருந்தீங்க?”

“நாப்பதாம் நாள். அந்த ஊர்ல இருந்து எனக்குத் திரும்பற வண்டி எட்டு பத்துக்கு.”

“அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியா?”

“அரை மணி நேரம் வச்சிருந்தேன்.”

போன வருடம் பழகிப் பார்ப்பதற்காக மூன்று நாள் வெளியூர் போயிருந்தார்கள். அவள் மலையேறினாள். அவன் மூன்று நாளும் அந்த ஊர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, வந்து போன வண்டிகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தான். வேறு எங்கே உட்கார்ந்தாலும் நெஞ்சு படபடத்தது. தூக்கம் வரவில்லை. அவள் கவனித்தாள். போகப்போகச் சரியாகும் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

“கணக்குப் போட்டுப் பார்த்தேன்” என்றான். “நாப்பது நாள் தாங்குவேன். அதுக்கு மேல நான் உனக்குச் சுமை. பை பன்னெண்டு கிலோ. நான் எழுபத்தெட்டு.”

“முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

“சொன்னா நீயும் நாப்பதுல திரும்பிடுவே.”

அது உண்மை.

“வழியில ஆள் மாத்துறதைப் பயணிங்ககிட்ட யாரும் சொல்றதில்ல” என்று அவனே மெல்லச் சேர்த்தான்.

“நான் பயணியா?”

அவன் அட்டவணையைப் பார்த்தான். “இல்ல. ரெண்டாம் நம்பர்.”

“ஸ்பேர்னு போட்டிருக்கீங்களே. அப்படின்னா? வீட்ல காலை நீட்டிப் படுத்திருக்கிறதா?”

“படுக்கக் கூடாது.” இதற்கு மட்டும் அவனுக்கு ரோஷம் வந்தது. “ஸ்பேர்ல இருக்கிறவன் யூனிஃபார்ம் போட்டு ரெடியா உட்கார்ந்திருக்கணும். எந்த வண்டிக்குக் கூப்பிட்டாலும் போகணும்.”

அவள் அவனைப் பார்த்தாள். இயந்திரத்திலிருந்து வந்த தாளைப் பார்க்கும் அதே முகம். பிறகு, “இன்னொரு செருப்பையும் கழட்டுங்க, சாப்பிடலாம்” என்றாள்.

7.

வியாழக்கிழமை காலை படிக்கட்டில் மறுபடி பை வந்தது. இந்தத் தடவை அதைச் சுமந்தவள் அவள்.

“கதை எழுதுறீங்களாமே. தம்பி சொன்னான். கடைசியில என்ன போட்டிருக்கீங்க?”

“மூணு வச்சிருக்கேன்” என்றேன்.

“மூணா? ஒண்ணு எழுதத் தெரியாதவங்கதான் மூணு எழுதுவாங்க. சொல்லுங்க.”

முதல் முடிவு: நாற்பதாம் நாள், வாழ்க்கையில் முதல்முறையாக, அவன் எட்டு பத்து வண்டியைத் தவறவிடுகிறான்.

“அவரா? வண்டியையா? வேற ஆளைப் பாருங்க.”

இரண்டாவது: யாரும் போகவில்லை. பை பரணில் ஏறுகிறது, உள்ளே பழைய போர்வைகள்.

அவள் பையை இறக்கி வைத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டாள். “இதை எழுத உங்களுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது.”

[ஆகவில்லை.]

மூன்றாவது: முதல் நாளிலிருந்தே அவள் தனியாகப் போகிறாள். தலை நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. கடைசி வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

அவள் பையை மறுபடி மாட்டிக்கொண்டு ஒரு மாடி ஏறினாள். நானும் பின்னால் ஏறினேன்.

“அந்த நாப்பது நாளை அவர்கிட்ட இருந்து ஏன் பிடுங்கறீங்க?” என்றாள். “நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அவரால முடிஞ்சது அவ்வளவு. அதை எனக்குன்னு எடுத்து வச்சிருக்கார்.”

“அப்போ முடிவுதான் என்ன?”

“எனக்கு இன்னும் நாலு சுத்து பாக்கி இருக்கு. வழி விடுங்க.”

8.

அன்று மாலை அவன் புதிதாக அட்டவணை போட்டான். நாற்பது நாள் வரை ஒன்று. நாற்பத்தொன்றிலிருந்து தனியாக இன்னொன்று, அவளுக்கு மட்டும். அவள் எதிரே உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரிக்கு வந்தான். நாள் 312, சேரும் இடம் வீடு, வருகை மாலை 5.40 என்று பென்சிலால் அழுத்தி எழுதினான்.

“அதை அழிங்க.”

“எதை?”

“அஞ்சு நாப்பதை.”

“ஆறு போடவா?”

“எதுவும் போட வேணாம். முன்னூத்திப் பன்னெண்டையும் அழிங்க. எனக்குப் பிடிச்ச ஊர்ல நான் பத்து நாள் கூட இருப்பேன். பிடிக்கலைன்னா முன்னாடியே வருவேன். கூட யாரும் இல்லைன்னா அதுக்காவது ஒரு லாபம் வேணும்ல?”

“வருகை இல்லாம சார்ட் போடக் கூடாது.”

“போட்டா என்ன ஆகும்?”

“வாட்ச்மேன் கேட்டை எப்பப் பூட்டுவான்?”

“ஸ்பேர்ல ஒருத்தர் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுச் சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போறார். அவரைத் திறந்து வைக்கச் சொல்லுங்க.”

அவன் ரப்பரைக் கையில் எடுத்தான். வெகுநேரம் வைத்திருந்தான் என்று எழுத ஆசை. அவள் சொன்னபடி, இரண்டு நிமிடம். 312 போயிற்று. 5.40 போயிற்று. துகளை ஊதினான். பிறகு பக்கத்துக் கட்டத்தின் மேல் ரப்பரை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“வீடுன்னு இருக்கே. இதையும் அழிக்கணுமா?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்பதைப் பார்த்துக்கொண்டே அவன் உட்கார்ந்திருந்தான்.

“அது இருக்கட்டும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுத்துவிட்டாள். அதில் ‘பணிக்குத் திரும்பும் நாள்’ என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கிறது. “அது ஆபீசுக்கு” என்று படிக்கட்டில் என்னிடம் சொன்னாள்.

9.

அவர்கள் அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். அவன் திரும்பி வரும் நாள் எனக்குத் தெரியும். அது பேனாவில் எழுதியதுபோல் மாறாமல் இருக்கிறது. அவள் வரும் நாளுக்கு நான் இந்தப் பக்கத்தில் ஒரு தேதி எழுதினேன், அழித்தேன், வேறொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். இரண்டாவது மாடியில் இருப்பதால் அவள் வந்தால் பை படியில் உரசும் சத்தம் முதலில் எனக்குத்தான் கேட்கும். அதற்காக நான் சொல்லிவிட வேண்டும் என்று இல்லை.

ஃப்ரிட்ஜ் கதவில் இப்போதுள்ள கடைசி வரியை அப்படியே தருகிறேன்:

நாள்: ........ சேரும் இடம்: வீடு. வருகை: ........ பணியாளர்: 2. ஸ்பேர்: 1.

பென்சில் கதவின் கைப்பிடியில் நூலால் கட்டித் தொங்குகிறது. எழுதுவதானால் எழுதுங்கள். அழுத்தி மட்டும் எழுதாதீர்கள். அவன் எழுதிய 5.40, சாய்த்துப் பார்த்தால், தாளில் இன்னும் தெரிகிறது.