வெலிச்கா டீச்சர் வாக்கப்பட்ட வீடு

"இன்னும் ஒரு படி ஏறினே, ஏணியை விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள் தோன்கா.

மேலே நின்ற அவள் அண்ணன் ஆசென் அதைக் காதில் வாங்கவே இல்லை. எண்பத்தைந்து வயதில் செர்ரிக் கிளையை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, நன்றாகக் கறுத்த பழங்களாகப் பார்த்துப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா ஒண்ணும் இறங்கல அவளுக்கு. இன்னிக்குத்தான் வாயைத் திறந்து கேட்டிருக்கா. கீழ இருக்கறதெல்லாம் புளிக்கும்டி."

"நீ விழுந்து வச்சா, சாவுக்குப் படைக்கிற கோதுமையை ரெண்டு பேருக்கும் சேர்த்து அவிக்கணும்."

சொல்லிவிட்டுத் தோன்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் மேலிருந்தே சிரித்தார்.

"அவி. சர்க்கரை மட்டும் தூக்கலாப் போடு."

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி வெலிச்கா கிடந்தாள். இதயம் தளர்ந்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரமாகிறது. அந்த மலையூரில் அவளிடம் எழுத்துப் படிக்காதவர்கள் யாரும் இல்லை. காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர்கூட வகுப்புக்குத் தாமதமாக வந்தவர் மாதிரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். கண்ணைத் திறக்காமலே வெலிச்கா சொன்னாள்: "உள்ள வந்து கதவைச் சாத்துப்பா. காத்து வருது."

மதியத்துக்கு மேல் கூட்டம் ஓய்ந்தது. தோன்கா பக்கத்தில் உட்கார்ந்து, செர்ரிகளைக் கொட்டை நீக்கி ஒவ்வொன்றாக ஊட்டினாள். ஊட்ட ஊட்ட, அறுபது வருஷமாகத் தொண்டையிலேயே நின்ற கேள்வி மேலே வந்தது.

தோன்கா ஏழாம் வகுப்பு முடித்ததும், பெண்பிள்ளைக்கு இது போதும், ஆடு மேய்க்கட்டும் என்று அப்பா நிறுத்திவிட்டார். புதிதாக வந்திருந்த இளம் டீச்சர் அந்தக் கோடை முழுக்கச் சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுவாள். டவுன் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அப்பாவோடு வாதாடுவாள். அப்பா வீட்டில் காய்ச்சிய பழச்சாராயம் ராக்கியாவை ஊற்றிக் கொடுப்பாரே தவிர அசைய மாட்டார். பிறகு அண்ணன் அவளைப் பள்ளிக்கூடத்தில் அவள் தங்கியிருந்த அறைவரை கொண்டுபோய் விட்டுவருவான். பெரிய நகரத்தில் வேலை காத்திருந்தும், ஆகஸ்ட் கடைசியில் அவள் பால்வண்டி ஓட்டும் ஆசெனைக் கட்டிக்கொண்டாள். மணப்பெண்ணாக வாசல் மிதித்ததும் மாமனாரிடம், "இப்ப நான் இந்த வீட்டு ஆளு. என் நாத்தனாரை நான் படிக்க வைக்கிறேன்" என்றாள். ஒரு மாணவிக்காக மாப்பிள்ளை பிடித்தவள் என்று ஊர் இன்னமும் சொல்லிச் சிரிக்கும். தோன்கா படித்து, அதே ஆடுகளுக்கு டாக்டராக ஊர் திரும்பினாள். ஆனால் அந்தச் சிரிப்பில் மட்டும் அவளால் சேர்ந்துகொள்ள முடிந்ததில்லை.

"அண்ணி, நிஜத்தைச் சொல்லுங்க. எனக்காகத்தானே இந்தக் குக்கிராமத்துல வாக்கப்பட்டீங்க?"

வெலிச்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். வாயோரம் செர்ரிச் சாறு. தோன்கா துடைத்துவிட்டாள்.

"உங்கப்பா ஜூலையிலயே சரின்னுட்டார்."

"என்னது?"

"அனுப்புறேன்மா, ஆளை விடுன்னுட்டார். நான்தான் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னேன்."

"ஏன்?"

"சொல்லிட்டா அப்புறம் தினம் உங்க வீட்டுக்கு வர எனக்கு என்ன சாக்கு?" மூச்சு வாங்கியது. சற்று நிறுத்தித் தொடர்ந்தாள். "உங்கண்ணன் லாந்தரைத் தூக்கிக்கிட்டுக் கூட வருவான். கோடைக்காலம். ஒன்பது மணிவரைக்கும் வெளிச்சம் இருக்கும். அவனும் ஒரு நாளும் விடாம அதை ஏத்திக்கிட்டு வந்தான். நானும் எதுக்குன்னு கேக்கல."

"அப்பாவும் ஆகஸ்ட் பூரா சண்டை போட்டாரே!"

"நல்லா நடிச்சார் மனுஷன். ராக்கியாவுக்கு ஒரு கூட்டு கிடைச்சதே அவருக்கு."

தோன்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. கண்ணில் நீர் வழிய, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு ஆசென் எட்டிப்பார்த்தார்.

"நோயாளிகிட்ட என்னடி சிரிப்பு?"

"உனக்கில்ல, போ."

"அவன்கிட்டச் சொல்லிடாதே" என்றாள் வெலிச்கா மெல்ல. "தலைக்கு ஏறிடும்."

வெயில் சாய்வதற்குள் தூக்கத்திலேயே மூச்சு நின்றது. ஆசென் அவள் கையைப் பிடித்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மகள் பிலியானா தலைநகர் சோபியாவிலிருந்து வந்ததும், ஊரெங்கும் ஒட்டுவதற்குப் படம் போட்டு அஞ்சலித் தாள் தயாரிக்க உட்கார்ந்தாள்.

"என்னப்பா போடறது?"

"டீச்சர்னு போடு. போதும்."

"அம்மான்னு வேண்டாமா?"

"போடு. அண்ணின்னும் சேர்த்துக்க. இல்லன்னா உங்கத்தை சண்டைக்கு வருவா."

மறுநாள் காலை தோன்கா தாள்களையும் பசைக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடை வாசல், தேவாலயம், பேருந்து நிறுத்தம் என்று எல்லா இடத்திலும் ஒட்டினாள். பள்ளிக்கூடத்துக் கதவில் மட்டும் ஒரு மூலை காற்றில் எழும்பிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தினாள். ரொட்டி வாங்கப் போன ஒருத்தி வணக்கம் சொன்னாள். தோன்கா திரும்பாமலே தலையாட்டினாள். பசை காயும்வரை கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.