இடது மரை

எங்கள் காப்ரோவோ ஊர்க்காரர்கள் ராத்திரி படுக்கும்போது பல்சக்கரம் தேயக்கூடாது என்று கடிகாரத்தை நிறுத்திவிடுவார்களாம். எங்களைக் கஞ்சர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கட்டிவிட்ட கதை இது. சுத்தப் பொய். என் கணவன் கான்சோ கடிகாரமே வைத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டு ராய்க்கோவின் கடிகாரம் அடிப்பது சுவர் வழியே கேட்கும், அது போதும்.

நானும் கான்சோவும் ஒரே இயந்திர ஆலையில் வேலை பார்த்தோம். நான் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். போல்ட்டுக்கும் தண்டுக்கும் திருகுமரை வெட்டுவதுதான் என் வேலை. அவன் பாகங்களைப் பொருத்தும் ஃபிட்டர். ஏதாவது சேரவில்லை என்றால் நாலு பேர் பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நிற்பான். ஆலையை மூடிய பிறகு நான் பிஸ்கட் பொட்டலம் போடப் போனேன். பிஸ்கட்டில் மரை கிடையாது. என் கை கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது என்ற பயம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்? மருத்துவரிடம் போனால் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்.

பிஸ்கட்டிலிருந்தும் ஓய்வு பெற்ற அன்று கான்சோ சொன்னான்: "உனக்கு ஒரு லேத் செஞ்சு தரேன்."

"எதை வெச்சு?"

"இருக்கறதை வெச்சு."

செய்தும் விட்டான். அதைச் சொல்லத்தான் வேண்டும். அடிப்பாகம், ஆலையை இடித்தபோது குப்பைக்குப் போன சாணை இயந்திரத்தினுடையது. இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மோட்டார் துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றியது. என்னுடைய இயந்திரம்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வெட்டும் உளியான டூலை இரும்பை நோக்கி முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுத் தண்டை உடைந்த பட்டறை வைஸ் ஒன்றிலிருந்து உருவியிருந்தான்.

லேத்தை வைத்திருந்த நிலவறைக்கு இறங்கி, முதன்முதலாகக் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினேன். டூல் இரும்பை நோக்கிப் போகாமல் என்னை நோக்கி வந்தது.

"கான்சோ, இது வலது மரைத் தண்டு. இந்த இடத்துக்கு இடது மரை வேணும்."

"வைஸ்ல வலதுதான் இருந்துச்சு."

"வலப்பக்கம் திருப்பினா டூல் உள்ள போகணும்டா! ஊர் உலகத்துல எல்லா லேத்தும் அப்படித்தான்."

"இது நம்ம வீட்டு லேத். இடப்பக்கம் திருப்பு, உள்ள போகும். ஒரு வாரம் ஓட்டினா பழகிடும்."

பழகவில்லை. சும்மா கடைவதென்றால் யோசித்து யோசித்துச் செய்துவிடலாம். மரை அப்படியல்ல. மோட்டார் ஓட ஓட டூல் தானாகவே சக்கை நோக்கி ஓடிவரும். சாதாரண லேத்தில், மரை முடிகிற இடத்தில் கண்ணிமைப்பதற்குள் கைப்பிடியை இடப்பக்கம் சுண்டி டூலை வெளியே இழுத்துவிட வேண்டும். அங்கே யோசிக்க நேரம் கிடையாது, கைதான் செய்யும். என் கை பழக்கப்படி இங்கேயும் இடப்பக்கம் சுண்டியது. டூல் வெளியே வருவதற்குப் பதிலாக இரும்புக்குள் பாய்ந்து முனை உடைந்தது. மறுபடி போட்டேன். மறுபடி உடைந்தது. உடைந்த முனைகளைக் கான்சோ ஒரு பழைய டப்பாவில் சேர்த்துவைத்தான், எதற்காவது ஆகுமாம்.

அவனுக்கோ பிரச்சினையே இல்லை. அவன் லேத் கற்றதே இந்தக் கோணல் லேத்தில்தான். தெருவில் உள்ளவர்களுக்குச் சக்கர அச்சில் போடும் புஷ் கடைந்து கொடுத்தான், கதவுக்குக் குமிழ் கடைந்து கொடுத்தான். "கான்சோ அண்ணன் கை தங்கக் கை" என்றார்கள். நான் மேலே பீன்ஸ் வேகவைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். எனக்கென்று செய்த லேத்.

இடது மரைத் தண்டு தேடிக் கிளம்பினேன். கடையில் கேட்டால், "அக்கா, அப்படி ஒண்ணு இருக்கா என்ன?" என்று சிரித்தான் விற்பனைப் பையன். பழைய இரும்புக் கிடங்கில் ஒரு முழுக் காலையும் குனிந்து தேடினேன். இடது மரை உலகத்தில் இல்லாமல் இல்லை. கேஸ் சிலிண்டர் மூடியில் இருக்கிறது, சாணைச் சக்கரத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் விரல் நீளம். எனக்கு வேண்டியதோ முழங்கை நீளம், பட்டையான மரை.

கான்சோவும் தேடினான், அவன் பாணியில். ஒரு நாள் மேசைமேல் சைக்கிள் மிதிகட்டை ஒன்றை வைத்து, "இதுல இடது மரை இருக்கு பாரு" என்றான். மறுநாள் காலை ராய்க்கோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நெட்கா அக்கா, என் இடது மிதிகட்டையை யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. திருடனுக்கு எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரிஞ்சிருக்கு பாருங்க."

"படிச்ச திருடன் போல" என்று மிதிகட்டையைக் கொடுத்தேன்.

மிதிகட்டையில் மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று முந்தின நாள் விரலால் தடவிப் பார்த்திருந்தேன். ராய்க்கோ போன பிறகும் விரல் அதையே நினைத்துக்கொண்டிருந்தது. வலது மரை சக்கை நோக்கி ஓடும். இடது மரையை வெட்டும்போது டூல் சக்கிலிருந்து விலகி ஓடும். சக்குக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டி அங்கே ஆரம்பித்தால், முடிகிற இடம் தண்டின் வெளி நுனி. அதற்கப்புறம் காற்றுதான். சுண்ட வேண்டாம், அவசரமே இல்லை. இந்தக் கோணல் லேத்தில் என்னால் வெட்ட முடிந்த ஒரே மரை, எனக்கு வேண்டிய அதே மரைதான். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது, இவ்வளவு நாள் கிடங்கில் குனிந்து கிடந்தேனே என்று.

"கான்சோ, டூலை ஓட்டற பல்சக்கரங்களுக்கு நடுவுல இன்னொண்ணு கூடுதலா மாட்டு. டூல் எதிர்த்திசையில ஓடணும்."

"எதுக்கு?"

"மாட்டு, சொல்றேன்."

மாட்டினான். ஓட்டத்துக்கு ஓட்டம் நிதானமாக வெட்டினேன். டூல் நுனியைத் தாண்டிக் காற்றுக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தி, "வலம், வலம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே டூலைப் பின்னுக்கு எடுத்தேன். ஒரு முனைகூட உடையவில்லை. சாயங்காலம் தண்டு தயார்.

அதற்குச் சேர்கிற நட் எந்தக் கடையிலும் இருக்காது. அதைக் கான்சோ செய்தான். தண்டில் ஈயம் ஒட்டாமலிருக்க மெழுகுவத்திப் புகையில் கறுப்பாக்கி, ஒரு குழாய்த் துண்டுக்குள் நிறுத்தி, பழைய பேரிங் ஈயத்தை நான் சாசேஜ் வறுக்கும் சட்டியில் உருக்கிச் சுற்றிலும் ஊற்றினான். ஆறியதும் தண்டைத் திருகினான். டக்கென்று விட்டது. தண்டு தன் நட்டைத் தானே பெற்றுக்கொண்டது. இந்த மனுஷனுக்கு மூளை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டிய நேரங்களில் அது ஒன்று. சட்டிதான் போயிற்று.

புதுத் தண்டை மாட்டியதும் அவனே முதலில் ஓட்டினான். பழைய பழக்கத்தில், டூலை வெளியே எடுப்பதாக நினைத்து வலப்பக்கம் திருப்பினான். முனை உடைந்தது. அதை எடுத்துப் பழைய டப்பாவில் போட்டான்.

"நெட்கா, உன்னால இதை ஓட்ட முடியலேன்னதும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கீழ விசிலடிச்சிக்கிட்டே வேலை செஞ்சியே."

நான் உடனே மன்னித்துவிடவில்லை. அன்றைக்கு பீன்ஸ் சூப்பில் அவனுக்குப் பிடித்த புதினாவைப் போடவில்லை.

மறுநாள் காலை கீழே இறங்கி ஒரு கம்பியைச் சக்கில் பூட்டினேன். சாதாரண வலது மரை. இனி கோணல் தண்டின்மேல் பழிபோட முடியாது. உடைந்தால் கை போய்விட்டது என்று அர்த்தம். டூல் சக்கை நோக்கி ஓடிவந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. முடிகிற இடத்தில் என் கை என்னைக் கேட்காமலே சுண்டியது. டூல் வெளியே நின்றது.

கடைசி ஓட்டம் முடிந்ததும் கான்சோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பியை வெளிச்சத்தில் பிடித்தான். குறை தேடினான். கழுத்து நோகும் வரைக்கும் தேடினான். பிறகு கம்பியை நிமிர்த்தி, நுனியில் ஒரு நட்டை விட்டான். அது தன் எடையிலேயே சுற்றிச் சுற்றி அடிவரைக்கும் இறங்கியது.

"இன்னொண்ணு போடு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.