கொண்டைக்குச் சிவப்பு ஏற்றியவர்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோழிமேல் உள்ள அக்கறையில் பிறக்கவில்லை, என் மீசையால் வந்த கோபத்தில் பிறந்தது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் ஸ்டுடியோக்காரர் என் நரைத்த மீசையைக் கேட்காமலேயே கருப்பாக்கிவிட்டார். அலுவலகத்தில், "இது உங்க தம்பி படமா?" என்றார்கள். சண்டை போடப் போனேன். மனிதர் கடைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கோழியின் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

2
முதல் தொடக்கம்: 'இளங்காலைப் பனியில் அந்தக் கோழி வாழ்வின் பொருளை...'

வேண்டாம். கோழியே சிரிக்கும்.

இரண்டாவது: நான்கு கோழிகளும் ஸ்டுடியோக்காரரின் மனைவியுடையவை. மகளின் பிரசவத்துக்குப் புறப்படும்போது அந்த அம்மா கறாராகச் சொன்னார்: "தினமும் காலையில நாலையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. மேனேஜர் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். அது நடையே சரியில்ல."

மேனேஜர் என்பது மற்ற மூன்றையும் தீவனத் தட்டருகே வரிசையில் நிற்கவைக்கும் பழுப்புக் கோழி. இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3
கொண்டை வெளுத்தால், இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றால், வால் தொங்கினால், எச்சம் தண்ணீராகப் போனால், மூச்சு கரகரத்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பது அந்த அம்மாவின் உத்தரவு.*

(* கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். படுத்துவிட்டால் பாதி காரியம் கைமீறியிருக்கும். இதைக் கதைக்குள் நுழைக்க மூன்று பக்கம் வீணடித்தேன்.)

ஒன்பது நாள் படம் போனது. ஒன்பது நாளும், "கொண்டை நல்லா செவசெவன்னு இருக்கு!" என்று பதில் வந்தது.

4
இங்கே எனக்கே சந்தேகம். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? அப்புறம் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

முப்பது வருஷப் பழக்கம். திரையில் எந்த முகம் வந்தாலும் அவர் கை சும்மா இருக்காது. வெளுத்த கொண்டைக்குச் சிவப்பு ஏற்றினார், கண்ணோரச் சளியைத் துடைத்தார், தொங்கிய வாலைத் தூக்கி நிறுத்தினார். பிறகு அந்தப் படத்தைத் தானே பார்த்து, 'நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை' என்று நிம்மதியும் அடைந்தார்.

பத்தாம் நாள் மேனேஜர் தட்டுக்கு வரவில்லை. மற்ற மூன்றும் வரிசையில்லாமல் முண்டியடித்துத் தின்றன. அவர் உடனே மனைவிக்குப் போன் செய்தார்.

"இங்க பாரும்மா... போட்டோவை எல்லாம் கொஞ்சம் டச்சப் பண்ணிட்டேன்."

"எதுக்கு? கோழிக்கா?"

"கைப் பழக்கம்..."

"நம்ம கல்யாணப் போட்டோவுல என்னை ரெண்டு சுத்து இளைக்க வச்சீங்க. பேசாம இருந்தேன். இது உயிருங்க! தூக்கிட்டு ஓடுங்க!"

ஓடினார். கால்நடை டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா இப்படி?"

பழக்கதோஷத்தில் போனை நீட்டினார். டாக்டர் ஒன்பது படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அடேயப்பா, இவ்வளவு ஆரோக்கியமான கோழிய நான் பார்த்ததே இல்லையே."

"எல்லாம் பொய் டாக்டர்," என்றார் அவர். அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

டாக்டர் மருந்து கொடுத்தார். "மத்ததுங்ககூட விடாதீங்க. தனியா வச்சு, நாளைக்குக் காலையில கொண்டை என்ன நிறம்னு சொல்லுங்க."

5
முடிவு அ: மேனேஜர் பிழைத்தது. (என் மனைவி: "நல்லாயிருக்கு. ஆனா புளுகு.")

முடிவு ஆ: மேனேஜர் செத்து... (ஸ்டுடியோக்காரர் போனில்: "சார், வேணும்னா எனக்குக் காய்ச்சல் வரவைங்க. அதை விட்டுடுங்க.")

முடிவு இ: மேனேஜர் பதவிக்கு மற்ற மூன்றும் மனுப்போட்டன. (அடித்துவிட்டேன்.)

ஆக, காலை. அவர் மேனேஜரைத் தனியாக வைத்த அட்டைப்பெட்டியின் முன்னால் நிற்கிறார். மூடியைத் திறக்கிறார். கொண்டை ............ நிறத்தில் இருந்தது.

அந்த இடத்தை நான்கு முறை நிரப்பி நான்கு முறையும் அழித்தேன். எப்படி எழுதினாலும் என் கை சிவப்புக்கே போகிறது. அதனால் பேனாவை உங்களிடம் கொடுக்கிறேன். அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். முதலில் குனிந்து கோழியைப் பாருங்கள்.