பதினெட்டாயிரத்துக்குப் போன கம்ப்யூட்டர்

வேலூரிலிருந்து வந்த பிரிஸில்லா தோளிலிருந்த பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஜன்னலோர மேஜை காலியாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் நின்ற இடம் மட்டும் தூசி படியாமல் ஒரு கட்டமாகத் தெரிந்தது. மானிட்டரும் இல்லை. கீபோர்டும் இல்லை.

"அம்மா, கம்ப்யூட்டர் எங்க?"

சகாயம்மாள் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. "அண்ணன் வரட்டும், அவனையே கேளு" என்று குரல் மட்டும் வந்தது. வழக்கமாக மகள் ஊரிலிருந்து வந்தால் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிறவள். இன்று அதைக் கேட்கவில்லை. பிரிஸில்லாவுக்குப் பாதி அப்போதே புரிந்துவிட்டது.

பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். முந்தானை, பார்டர், புட்டா என்று கம்ப்யூட்டரில் வரைந்து, ஜக்கார்டு தறிக்கு ஏற்றபடி கட்டம் கட்டமாக மாற்றிக் கொடுப்பாள். ஆரணியில் ஆறேழு முதலாளிகள் அவளிடம் வேலை கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர் கடையில் மொத்தமாக வாங்கியது இல்லை. நான்கு வருடத்தில் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தது. முதல் வருடம் மதர்போர்டும் பிராசஸரும். ஒரு தீபாவளி சீசன் முழுக்கக் கண் எரிய வரைந்த காசில் கிராஃபிக்ஸ் கார்டு. நிறம் சரியாகக் காட்டுகிற மானிட்டர் போன வருடம்தான் வந்தது. எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துத் தானே திருகு முடுக்கினாள். இரண்டு முறை உயிர் வராமல், மூன்றாம் முறைதான் திரையில் வெளிச்சம் வந்தது.

இப்போது பெங்களூரில் ஒரு சேலை கம்பெனியில் டிசைனர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் அவர்களே கொடுப்பார்கள். ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டியிருந்ததால் இதை விற்றுவிட முடிவு செய்தாள்.

விலை போடவே அவளுக்கு மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு பாகமும் இன்று புதிதாக என்ன விலை, பழையது என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். பழைய பொருள் என்றால் பாதி விலை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ராம் என்கிற மெமரியின் விலை இந்த ஒரு வருடத்தில் ஏறிய ஏற்றத்தில், அவள் ஏழாயிரத்துக்கு வாங்கிய இரண்டு ராமும் பழையதாகவே பத்தாயிரத்துக்குப் போனது. கூட்டிப் பார்த்தால் நாற்பத்தாறாயிரம் வந்தது. படம் எடுத்து, பழைய பொருள் விற்கும் ஆப்பில் போட்டாள். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டும் போனார்கள். வேலையில் சேர மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்பதால் வியாழக்கிழமை வேலூருக்குப் போய், அத்தை வீட்டில் தங்கி, சனிக்கிழமையான இன்று மதியம்தான் திரும்பினாள்.

அமல்ராஜ் வந்தான். ரைஸ் மில்லில் வேன் ஓட்டுகிறவன். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"நம்ம சுதாகர் எடுத்துகினான். பதினெட்டு. இதுல பதினஞ்சு கீது. மூணு எடுத்து வண்டிக்கு டயர் மாத்திட்டேன். அடுத்த மாசம் தந்துடறேன்."

சுதாகர் அவனோடு படித்தவன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான்.

"நாப்பத்தாறுன்னு சொன்னேன் இல்ல?"

"நீ சொன்னா ஆச்சா? அசெம்பிள் பண்ண டப்பா அது. கம்பெனி செட்டு இல்ல, வாரண்டி இல்ல. எவனும் பத்துக்கு மேல தரமாட்டான், உனக்காகத்தான் பதினெட்டுன்னு சுதாகர் சொன்னான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இன்னா கேக்கறது? கண்டவனும் வீட்டுக்குள்ள வந்து குந்திகினு உன்கூட விலை பேசிகினு கீறான். தெருவுல இன்னா பேசறாங்கன்னு தெரியுமா? பேஜாரு வேணாம்னுதான் ஜல்தியா முடிச்சேன். உனக்கு நல்லதுதானே பண்ணேன்."

பிரிஸில்லாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்தினால் அழுகை வந்துவிடும், அழுதால் இவன் ஜெயித்துவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உள்ள என் டிசைன் எல்லாம் இருக்குதுண்ணா."

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதுன்னா தொடக் கூடாது."

சகாயம்மாள் இப்போதுதான் வாசற்படிக்கு வந்தாள். "விடு பிரிஸி. ஊருக்குப் போற நேரத்துல எதுக்கு சண்டை?"

"நீங்க வீட்லதானேம்மா இருந்தீங்க? தூக்கிகினு போகும்போது எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலயா?"

சகாயம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பிரிஸில்லா பீரோவைத் திறந்து பில்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தாள். பணத்தைத் தொடவில்லை.

"இந்தக் காசு அங்கியே இருக்கட்டும். பதினெட்டும் சுதாகருக்குத் திருப்பிக் குடுக்கப் போறது நீதான். எங்கிருந்து குடுப்பியோ, அது உன் பாடு."

சுதாகர் கடைக்கு ஆட்டோவில் போகும்போது அந்த ஆப்பைத் திறந்தாள். ஆரணி என்று தேடியதும் முதலில் வந்தது அவளுடைய கம்ப்யூட்டர்தான். அவள் எடுத்த அதே படங்கள். பின்னால் அவள் வீட்டுச் சுவர், மாதா காலண்டரின் பாதி. போட்டிருந்தவன் சுதாகர். விலை ஐம்பத்தெட்டாயிரம். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: 'லேடி டிசைனர் யூஸ் பண்ணது, ஒரே கை, சூப்பர் கண்டிஷன்.'

அசெம்பிள் பண்ண டப்பா. பத்துக்கு மேல போகாத டப்பா. பிரிஸில்லா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

கடையில் கம்ப்யூட்டர் கவுன்ட்டர்மேல் பக்கவாட்டு மூடி கழற்றிய நிலையில் நின்றது. அதன் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். போளூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சிவப்பிரகாசம் அவர். கல்யாண வீடியோ எடிட் செய்ய நல்ல செட் தேடி வந்திருந்தார்.

"சார், அது என்னோடது. விக்கறதுக்கு இல்ல" என்றாள் பிரிஸில்லா.

சுதாகர் சிரித்தான். "இன்னாம்மா, உங்க அண்ணன் காலையிலேயே காசு வாங்கிகினு போயிட்டாரு. வீட்ல பேசிக்கோங்க. கஸ்டமர் கீறாரு பாரு."

"அண்ணன் விக்கறதுக்கு அது அண்ணனோடதா? பில்லு யார் பேர்ல இருக்குது, பாருங்க." ஃபைலைக் கவுன்ட்டர்மேல் விரித்தாள். "இது போர்டு. இது கார்டு. சீரியல் நம்பர் இருக்குது. சார், நீங்களே பாருங்க, உள்ள இருக்கற நம்பரும் இதுவும் ஒண்ணான்னு."

சிவப்பிரகாசம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, போன் வெளிச்சத்தில் கிராஃபிக்ஸ் கார்டின் ஒட்டுச்சீட்டைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார். நிமிர்ந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"ஒண்ணுதான். ஏம்ப்பா, தகராறு இருக்கற பொருளை எனக்கு எதுக்குக் காட்டற?"

"தகராறுலாம் இல்ல சார். அண்ணன் தங்கச்சி சண்டை."

"சண்டை இல்ல" என்றாள் அவள். இப்போது குரல் தெருவரை கேட்டது. "எங்க அண்ணன்கிட்ட பத்துக்கு மேல போகாதுன்னு சொன்னீங்க. இங்க அம்பத்தெட்டு போட்டிருக்கீங்க. நான் எடுத்த போட்டோ. எங்க வீட்டு சுவரு. ராம் விலை ஏறினது உங்களுக்குத் தெரியாதா? கடை வச்சிருக்கீங்களே! இது மட்டும் என் கைக்கு வரல, இந்த ஃபைலை எடுத்துகினு நேரா ஸ்டேஷனுக்குப் போவேன். உங்க பேரையும் எழுதுவேன், எங்க அண்ணன் பேரையும் எழுதுவேன்."

பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சுதாகர் சிரிப்பை நிறுத்தினான். "கத்தாதம்மா" என்று சொல்லிவிட்டு அமல்ராஜுக்குப் போன் போட்டான்.

அவன் வருவதற்குள் பிரிஸில்லா கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் வருவது போல வெறும் நீலத் திரை வந்தது. அவளுடைய ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை.

"பார்மேட் பண்ணிட்டீங்களா?"

"யாருது வந்தாலும் மொதல்ல அதான் பண்றது. உள்ள இன்னாம்மா இருந்துச்சு?"

முதலாளிகளுக்குக் கொடுத்த டிசைன்களின் நகல் வேறு டிஸ்கில் பத்திரமாக இருந்தது. நகல் இல்லாதவை பதினொன்று. யாருக்கும் விற்காமல், இரண்டு மாதமாகத் தனக்கென்றே வரைந்தவை. பெங்களூரில் முதல் வாரமே காட்ட வேண்டும் என்று வைத்திருந்தவை. ஊரிலிருந்து வந்து சனிக்கிழமை காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அப்படி விட்டது தன் தப்பு என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததில் கோபம் இன்னும் ஏறியதே தவிரக் குறையவில்லை.

"பதினோரு சேலை இருந்துச்சு" என்றாள். "அதுக்கு இன்னா விலை போடுவீங்க, சொல்லுங்க. எல்லாத்துக்கும் விலை தெரிஞ்சவராச்சே நீங்க."

சுதாகர் ஏதோ ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கலாம் என்று முணுமுணுத்தான். இந்த வகை டிஸ்கில் அழித்தது திரும்பாது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அமல்ராஜ் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். சுதாகர் அவன்மேல் பாய்ந்தான். "இன்னா மச்சி, உன்னுதுன்னுதானே சொன்ன? ஸ்டேஷன் வரைக்கும் இழுக்குது உன் தங்கச்சி."

"வீட்டுப் பொருள்தானேடா..." என்று இழுத்தான் அமல்ராஜ்.

"வீட்டுக்குன்னு மாசாமாசம் அம்மா கையில குடுத்தது வேற" என்றாள் பிரிஸில்லா. "இது நான் எனக்கு வாங்கினது. நீ வீட்டுப் பொருளை விக்கல. என்னோடத வித்துட்டு, அதுல டயரும் மாத்திகினு வந்திருக்க."

தெருவில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அமல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பதினைந்தாயிரத்தை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தான். மீதி மூவாயிரத்துக்குச் சுதாகர் கையை நீட்டினான். அமல்ராஜ் தங்கையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அது உங்க ரெண்டு பேர் விஷயம்" என்று சொல்லிவிட்டு, சுதாகரிடம் "மொதல்ல அந்த விளம்பரத்தை எடுங்க. என் கண்ணு முன்னாடி" என்றாள். அவன் போனை எடுத்து அழித்துக் காட்டினான்.

வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்த சிவப்பிரகாசம் போகாமல் நின்றார். "ஏம்மா, நீ விக்கறதா இருந்தா என்ன விலை சொல்ற?"

பிரிஸில்லா கணக்கைச் சொன்னாள். பிராசஸரும் போர்டும் பதினோராயிரம். கார்டு பன்னிரண்டரை. ராம் பத்து. டிஸ்க் மூன்றரை. பவர் சப்ளை இரண்டு, கேபினெட் ஒன்றரை, மானிட்டர் ஐந்தரை. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினாள். மொத்தம் நாற்பத்தாறு.

"நாற்பதுன்னு வச்சுக்கலாமா?"

"இல்ல சார். பின்னாடி ஃபேன் சத்தம் போடும், ஆறு மாசமா போடுது. நீங்களா கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க. அதுக்கு ஆயிரம் நானே குறைச்சுக்கறேன். நாப்பத்தஞ்சு. அதுக்குக் கீழ இல்ல."

சிவப்பிரகாசம் பென்டிரைவில் கொண்டுவந்திருந்த ஒரு வீடியோவைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டார். ஃபேன் சத்தம் போட்டது. படம் எங்கும் நிற்காமல் ஓடியது. நாற்பத்தைந்தாயிரத்தையும் போனிலேயே அவள் கணக்குக்கு அனுப்பினார். பில்களின் பின்னால் தேதி போட்டு, தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள் அவள். கேபினெட்டைத் தூக்க அமல்ராஜ் முன்னால் வந்தான்.

"நீ தொடாத" என்றாள்.

அவளும் சிவப்பிரகாசமுமாகத் தூக்கி, அவர் அழைத்த ஆட்டோவில் வைத்தார்கள்.

கேட்ட விலை கையில் வந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு நடந்தபோது அவளுக்கு ஆறுதலாக இல்லை. மார்க்கெட் தெருவில் ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் பச்சைப் புடவை ஒன்று விரித்து வைத்திருந்தார்கள். அதன் பார்டரைப் பார்த்தபோது, தான் வரைந்த மூன்றாவது டிசைனில் அந்த இடத்தில் என்ன வைத்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. நடுத்தெருவில் நின்று, யாரையும் பெயர் சொல்லாமல், வாய்விட்டுத் திட்டினாள். எதிரே வந்த பெண் பயந்து ஒதுங்கிப் போனாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து பஸ் ஏறினாள். சகாயம்மாள் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். பஸ் நகரும் முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நேத்தே உனக்குப் போன் பண்ணியிருக்கணும்டி. அவன் கத்துவான்னு பயந்துட்டேன்" என்றாள்.

"எனக்கும் அவன்மேல பயம் இருந்தா நான் எங்கம்மா போவேன்?" என்றாள் பிரிஸில்லா. சகாயம்மாள் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. பஸ் கிளம்பிய பிறகுதான் விட்டாள்.

பெங்களூரில் முதல் வாரம் அவள் வெறுங்கையோடுதான் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் தங்கள் டிசைன்களைத் திரையில் காட்டியபோது, தன்னிடம் இப்போது எதுவும் இல்லை, பதினைந்து நாள் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். மூன்று வாரத்தில் நான்கு டிசைன் திரும்பி வந்தது. மீதி ஏழும் எத்தனை முறை பென்சிலை வைத்தாலும் வேறு ஏதோ ஆகிப் போயின.

அந்த மாதக் கடைசியில் அமல்ராஜ் போன் செய்தான்.

"சுதாகருக்கு அந்த மூணாயிரத்தையும் குடுத்துட்டேன்."

"சரி."

"இன்னும் கோவமா கீறியா?"

"ஆமா."

பின்னால் ரைஸ் மில் ஓடும் சத்தம் கேட்டது. "இன்னும் இன்னாடி? கடைசில நீ கேட்ட விலைதானே வந்துச்சு?" என்றான்.

பிரிஸில்லா போனை வைத்தாள். அம்மாவுக்கு அந்த மாதம் அனுப்ப வேண்டியதை அண்ணன் கணக்கில் போடுவதாகத்தான் இருந்தாள். அன்று மத்தியானமே சகாயம்மாளின் பேங்க் பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, நேராக அந்தக் கணக்கில் போட்டாள்.