ஒன்பதரைப் பெருக்கல்

ஐந்து கிலோமீட்டர் ஓடிய நேரத்தை ஒன்பதரையால் பெருக்கினால் மாரத்தான் நேரம் வந்துவிடும் என்பது பயிற்சியாளரின் கணக்கு. அந்த நேரம் எல்லைக்குள் இருந்தால்தான் அணியில் இடம். தேர்வுக்கு ஓடியவர்களில் ஒருத்தியான நர்ஸ் இரண்டு நிமிடம் தாண்டியிருந்தாள்.

"அண்ணே, வழியில விழுந்த ஒருத்தியத் தூக்கிவிட இருபது விநாடி நின்னேன். அதையும் சேர்த்துப் பெருக்கினதால மூணு நிமிஷம் கூடிருச்சு. மாரத்தான்ல ஒன்பதரை பேரையா நான் தூக்கப்போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தார்.

"நான் பார்க்கலையேம்மா. விழுந்தது யாரு? சொல்லட்டும், கழிச்சிடுறேன்."

விழுந்த தையல்காரப் பெண் அரை நிமிட வித்தியாசத்தில் தேறியிருந்தாள். முழங்கால் காயம் தெரிந்தால் அவளை நீக்கிவிடுவார்கள். காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள்.

அவளைக் கைகாட்ட நர்ஸுக்கு ஒரு நொடி போதும். கை எழவில்லை.

"சரி விடுங்கண்ணே" என்றாள். பட்டியலில் அவள் பெயரை அவர் அடித்தார்.

வெளியே போகும்போது அந்தப் பெண்ணிடம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "மண்ணு போகக் கழுவும்மா. சீழ் வச்சிடும்."

"சரிக்கா" என்றாள் அவள். நிமிர்ந்து பார்க்கவில்லை.