ஆணியில் மாட்டிய வில்லை

கிளிபோட்டுக்கு எண்பத்தாறு வயது. இங்கே கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் ஆறாம் மாடியில் தனியாக இருக்கிறார். காலை எட்டு மணிக்கு நான் பராமரிப்பு வேலைக்குப் போய்க் குளிப்பாட்டி, ஒட்சிசன் குழாயைச் சரிபார்த்து, சாப்பாடு கொடுப்பேன். அவருடைய ஊர் அயர்லாந்தில் கில்பரன். சின்ன ஊர்; ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. கரிப்படை ஒரு முழம்கூட வராதாம். ஆட்கள் ஈரத்தில் ஒருக்களித்துப் படுத்தபடியே வெட்டினார்களாம். அந்தத் தூள் இன்னும் இவர் நெஞ்சில் கிடக்கிறது.

மூன்று கிழமைக்கு முன்னர், இருமலுக்கு நடுவே ஒன்றைச் சொன்னார். சுரங்க வாசலில் ஒரு பலகை. இறங்குபவன் தன் இலக்கமிட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே ஆணியில் மாட்டவேண்டும். 1966இல் ஒரு பின்னேரம் இவருடைய கூட்டாளி, இன்னும் ஒரு வண்டி நிரப்பிவிட்டு வருகிறேன், பிந்தினால் மேற்பார்வையாளன் கத்துவான், என்னுடையதையும் மாட்டிவிடு என்று கொடுத்தான். இவரும் மாட்டினார்.

பிறகு உள்ளே கூரை விழுந்தது. பலகையில் எல்லா வில்லையும் தொங்கியதால் ஒருவரும் தேடவில்லை. விடிந்துதான் பிணத்தை எடுத்தார்கள். வெளியே வந்தவன் கரி திருடத் திரும்பி நுழைந்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. வேலை போய்விடும் என்ற பயத்தில் இவர் வாயே திறக்கவில்லை. அடுத்த வருடம் கனடாவுக்கு வந்துவிட்டார்.

அந்தக் கூட்டாளியின் மனைவி தொண்ணூறு தாண்டியும் கள்ளன் பெண்சாதி என்ற பெயரோடு அதே ஊரில் இருந்தாள். மகள் ஏஞ்சலா இங்கே பக்கத்தில், மிசிசாகாவில். ஊரின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மட்டக்களப்பில் எத்தனை தாய்மார் ஒரேயொரு பதிலுக்காகக் காணாமல்போன பிள்ளையின் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள்! இந்த மனுசன் பதிலை வாய்க்குள் வைத்துக்கொண்டு அறுபது வருடம் சாப்பிட்டு, தூங்கி, எழும்பியிருக்கிறார்.

வீட்டில் என் கணவர் கோணேஸ்வரனிடம் சொன்னேன்.

"வாயைப் பொத்திக்கொண்டிரு நாயகி. வேலைக்குப் போற வீட்டுக் கதையை வெளியில சொன்னா உன்னைத் தூக்கிப்போடுவாங்கள்," என்றார்.

பொத்திக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு காலையும் கிளிபோட்டை நச்சரித்தேன். "நாளைக்கு," என்பார். இன்று ஏஞ்சலா வருகிறாள் என்றதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. நாங்கள் பேசியது ஆங்கிலம். என் வாயில் வருகிறபடி சொல்கிறேன்.

"அந்த மனுசி கண்ணை மூட முதல் சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு ஏஞ்சலா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல், புத்தகத்தில் தன் அப்பாவைப் பற்றி எழுதிய தாளை எடுத்து வாசித்தாள். "எல்லோரும் வெளியேறிய பின், அவர் மட்டும் தனியாகத் திரும்பிச் சென்றார்." நிமிர்ந்து, "நாளைக்கு அச்சுக்குப் போகுது. அப்பாவோட வேலை செய்த ஆக்களில நீங்க மட்டும்தான் மிச்சம். இது சரிதானே?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. சொல்லித் தொலை மனுசா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"சரியில்ல," என்றார். "அவன் திரும்பிப் போகல்ல. வெளியில வரவேயில்ல. அவன்ர வில்லையை மாட்டினது நான்."

ஏஞ்சலாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு தாள் அவள் கைக்குள் கசங்கியது. அவர் குழந்தைபோல அழுதார்.

"அம்மாவுக்குப் போன் எடு பிள்ளை. நானே சொல்லுறன்."

"அம்மாவை அடக்கம் செய்துபோட்டு முந்தநாள்தான் வந்தனான்," என்றாள். "அப்பாவுக்குப் பக்கத்தில வைக்க வேண்டாம் எண்டு அவவே சொல்லிப்போட்டா. கள்ளனோட கிடக்க மாட்டாவாம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். அவர் உண்மையைச் சொன்னபோது நான் திடுக்கிடவில்லை என்பதைக் கவனித்திருக்கிறாள்.

"உங்களுக்கு இது முதலே தெரியுமா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"மூண்டு கிழமையா."

அவரைப் பார்த்த அதே பார்வையால் என்னையும் பார்த்தாள்.

"மூண்டு கிழமைக்கு முதல்," என்றாள், "அம்மா நல்லாக் கதைச்சுக்கொண்டிருந்தா."